‘பார்க்க மட்டும்’ கொடுத்தால் கோபம் வருகிறது

கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணக்குப் பார்ப்பது என் வேலையில் பாதி, மீதி ஃபோல்டர் காவல். எந்தக் கம்பெனியின் ஃபைலை யார் திறக்கலாம், யார் திருத்தலாம், யாரிடமிருந்து எப்போது அந்த உரிமையைத் திரும்ப வாங்கவேண்டும் என்பதெல்லாம் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. பாதுகாப்பு என்றதும் எல்லோரும் ஹேக்கர், வைரஸ் என்று பேச ஆரம்பிக்கிறார்கள், அதெல்லாம் உண்டுதான், ஆனால் நான் அதிகம் மல்லுக்கட்டியது மரியாதையோடு.

ஒரு ஃபவுண்டரி முதலாளிக்கு பேலன்ஸ் ஷீட் வரைவை அனுப்பினோம், பார்க்க மட்டும் உரிமை கொடுத்து. கொஞ்ச நேரத்தில் போன். “ஏந்தம்பி, என்ற கம்பெனி கணக்கு, நான் தொட்டா ஒட்டிக்குமா?” அவருக்கு அதில் ஒரு எண்ணைக்கூட மாற்றும் எண்ணம் கிடையாது, சொல்லப்போனால் அந்த ஷீட்டை அவருக்குத் திறந்து காட்டியதே அவர் மகன்தான். ஆனால் அவருடைய அக்கவுண்டன்டுக்குத் திருத்தும் உரிமை இருக்கிறது, தனக்கு இல்லை என்பது தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் கூப்பிடாமல் விட்ட மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. எங்கள் ஆடிட்டர் சார் ஒரே வார்த்தையில் முடித்தார், “குடுத்துருப்பா.” கொடுத்தேன்.

இப்படித்தான் எங்கள் ஊர் அலுவலகங்களில் உரிமைகள் பரவுகின்றன. வேலைக்கு என்ன தேவை என்று பார்த்துக் கொடுப்பதில்லை, ஆளுக்கு என்ன தகுதி என்று பார்த்துக் கொடுக்கிறோம். பெரியவர் என்றால் எடிட், சின்னவர் என்றால் எடிட் கேட்டு வாங்கிக்கொள்வார், கடைசியில் எல்லோருக்கும் எடிட்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாமே அலுவலக மூலையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் கிடந்தது. நிதியாண்டு முடிகிற நேரம், யாரும் வெளியே போக முடியாது. அப்போதிருந்த ஓர் ஆர்ட்டிகிள் பையன், அதாவது ஆடிட்டர் படிப்புக்காக எங்களிடம் பயிற்சியில் இருந்தவன், எப்படியோ அனுமதி வாங்கி அலுவலகம் போய், மொத்த ஃபோல்டரையும் தன் சொந்த ஜிமெயில் கணக்கின் கூகுள் டிரைவில் ஏற்றி, ‘லிங்க் வைத்திருக்கும் எவரும்’ என்று திறந்துவிட்டு, அந்த லிங்க்கை வாட்ஸப் குரூப்பில் போட்டான். அன்றைக்கு அது உயிர்காத்த வேலை, அவனைக் குறை சொல்லமாட்டேன். சிக்கல் என்னவென்றால், அந்த லிங்க் அதற்குப் பிறகும் வெகுகாலம் அப்படியே திறந்து கிடந்தது. அழைக்கப்படாமல் லிங்க் வழியாக மட்டும் உள்ளே வருகிறவர்களுக்கு கூகுள் டாக்ஸ் பெயர் காட்டாது, ஏதாவது ஒரு விலங்கின் படத்தைக் காட்டும். ஒரு மில்லின் சம்பளப் பட்டியலை ஒரு ‘அனானிமஸ் கேபிபாரா’ நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பதை நாங்கள் மூன்று பேர் மூன்று திரைகளில் பார்த்தோம். யார் என்று இன்றுவரை தெரியாது. அநேகமாக எங்கள் ஆளாகத்தான் இருக்கும், வேறு மெயிலில் நுழைந்திருப்பார். ‘அநேகமாக’ என்று சொல்லவேண்டி வந்ததே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆர்ட்டிகிள் பயிற்சி அப்போது மூன்று வருஷம், 2023 ஜூலையிலிருந்து இரண்டு வருஷம். அதாவது எங்கள் மாதிரி அலுவலகத்தில் ஆட்கள் வருவதும் போவதும் ஓயவே ஓயாது. போகிற அன்று கேக் வெட்டுகிறோம், போட்டோ எடுக்கிறோம், அனுபவச் சான்றிதழ் கொடுக்கிறோம். டிரைவில் அவர்கள் பெயரை எடுப்பதற்கு மட்டும் யாருக்கும் மனசு வராது, போன மறுநாளே பெயரை வெட்டினால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு தயக்கம். அந்த ஊரடங்குப் பையன் நல்லவன், கிளம்புவதற்கு முன் தானே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அலுவலகக் கணக்குக்கு நகலெடுத்துக் கொடுத்தான். ஆனால் நகலெடுத்தால் ஃபைல் மட்டும்தான் வரும், அதை யார் எப்போது திருத்தினார்கள் என்ற பழைய வரலாறு கூடவே வராது. மூன்று வருஷத்துத் திருத்தங்களின் தடம் அவனுடைய சொந்தக் கணக்கோடு நின்றுவிட்டது.

அந்தத் தடம் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு கதை. எங்கள் அலுவலகப் பார்ட்னர் ஒருவர் காரில் போகும்போது போனில் ஷீட்டைத் திறந்து பார்ப்பார். ஒரு நாள் தேய்மானக் கணக்கில் ஒரு கட்டம் காலி, லாபம் திடீரென்று ஏறியிருக்கிறது. வெர்ஷன் வரலாற்றைத் திறந்தால் பெயரும் நேரமும் தெளிவாக இருக்கிறது, கட்டைவிரல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய எண்ணை மீட்டுப் போட்டோம். இதில் வேடிக்கை, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் தங்கள் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் வசதி வைத்திருக்கவேண்டும், அதை அணைக்கவே முடியாதபடி இருக்கவேண்டும் என்று விதி. அது வருஷம் முழுக்க ஓடியதா என்று தணிக்கை அறிக்கையில் கம்பெனித் தணிக்கை விதிகளின் 11(ஜி) விதியின் கீழ் எழுதிக் கையெழுத்துப் போடுவது நாங்கள்தான். ஊரார் கணக்கில் யார் கை வைத்தார்கள் என்று சான்று சொல்கிற எங்கள் சொந்த ஃபைலில் எல்லோருக்கும் எடிட்!

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் விஷயம் இதைவிட மோசம். கம்பெனி இயக்குநர்களின் கையெழுத்து ஒரு யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும், செருகி பின் நம்பர் போட்டால் அவர் கையெழுத்திட்டதாகச் சட்டப்படி அர்த்தம். அது எங்கே இருக்கவேண்டும்? அவர் சட்டைப் பையில். எங்கே இருக்கிறது? ஆடிட்டர் அலுவலக இழுப்பறையில், ஒரு ஸ்வீட் பாக்ஸில், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி, பல டோக்கன்களில் பின் நம்பரும் சேர்த்து ஒட்டி. எங்கள் அலுவலகம் மட்டும் என்று நினைக்கவேண்டாம், நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதியில் அந்த டப்பா இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42 டோக்கனுக்குள் இருக்கும் அந்தக் கையெழுத்தின் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்கிறது. கடமையை எடுத்துச் சொல்லி டோக்கனைத் திருப்பிக் கொடுக்கப் போனால் முகம் சுருங்குகிறது. “நம்பித்தானுங்க குடுத்தோம், ஏனுங்க, எதாச்சும் வருத்தமுங்களா?” நம்பிக்கையை இப்படிப் பொருளாகக் கையில் கொடுத்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பது உறவை முறிப்பதாக ஆகிவிடுகிறது. வருமான வரி, கம்பெனி பதிவு, டெண்டர் என்று எதற்கு வேண்டுமானாலும் செல்லுகிற கையெழுத்து அது, யாரோ ஒருவர் இழுப்பறையைத் திறந்தால் போதும்.

பாஸ்வேர்டு கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும், அந்த ஆளைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். நாங்களே பூட்டுகிற ஃபைல்களிலும் ஃபைலை குரூப்பில் போட்டுவிட்டு அடுத்த மெசேஜிலேயே பாஸ்வேர்டைப் போடுகிறோம், பூட்டையும் சாவியையும் சேர்த்தே அனுப்புகிறோம். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் போதும் என்றால், “முழுசா இருந்தா பரவாயில்லைங்க” என்று முழுசாகவே வருகிறது.

எக்செல்லில் நெடுவரிசையை மறைத்து அனுப்புவதுதான் எனக்குப் பெரிய பயம். மறைப்பது என்றால் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது மட்டும்தான், வலது கிளிக் செய்தால் திரும்ப வந்துவிடும். 2023 ஆகஸ்டில் வடக்கு அயர்லாந்து போலீஸ், தகவல் கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பதிலாக எண்ணிக்கை விவரம் கொண்ட ஓர் எக்செல் ஃபைலைக் கொடுத்தது. அதற்குள் மறைந்திருந்த இன்னொரு ஷீட்டில் 9,483 போலீஸ்காரர்கள், ஊழியர்களின் குடும்பப்பெயர், பதவி, வேலை செய்யும் இடம் எல்லாம் இருந்தன. போலீஸ்காரர் என்பது பக்கத்து வீட்டுக்கே தெரியாமல் வாழவேண்டிய ஊர் அது. சிலர் வீடு மாறவேண்டி வந்தது, அபராதம் 7,50,000 பவுண்டு. எந்த ஹேக்கரும் வரவில்லை. நான் இதை எங்கள் பசங்களிடம் சொன்ன பிறகு, சம்பளப் பட்டியலை வெளியே அனுப்பும்போது தேவையானதை மட்டும் புது ஷீட்டில் மதிப்புகளாக ஒட்டி அனுப்புகிறார்கள். அனுப்புமுன் ஒருமுறை எனக்குக் காட்டவும் சொல்லியிருக்கிறேன், எரிச்சலோடு காட்டுகிறார்கள்.

சரி, மரியாதைப் பிரச்சினைக்கு என்ன செய்தோம்? பூட்டுகளைக் கூட்டியதில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கைகொடுத்தது ‘கருத்து சொல்லலாம்’ என்ற நடு நிலை. முதலாளிகளுக்குப் பார்க்க மட்டும் என்பதை விட்டுவிட்டு அதைக் கொடுத்தோம். எண்ணைத் தொட முடியாது, ஆனால் பக்கத்தில் எழுதலாம், எழுதியது அவர் பெயரோடு எல்லோருக்கும் தெரியும். ஃபவுண்டரிக்காரருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. “இந்த ரிப்பேர் செலவு எதுக்கு இவ்வளவு” என்று மகனைவிட்டு எழுதச் சொல்கிறார், அவருடைய அக்கவுண்டன்ட் அடித்துப்பிடித்துக்கொண்டு பதில் எழுதுகிறார். எடிட் கேட்டு அவர் திரும்பப் போன் செய்யவே இல்லை.

இரண்டாவது, கையெழுத்தாகி முடிந்த ஃபைல்கள் எல்லாவற்றிலும் ஆடிட்டர் சார் முதலில் தன் பெயரைப் பார்க்க மட்டும் என்று மாற்றச் சொன்னார். அதற்கு நான் நிறையக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் அவரே இறங்கிய பிறகு, காரில் போன் பார்க்கிற பார்ட்னர் உட்பட, வேறு யார் என்ன சொல்ல முடியும்?

மூன்றாவது, காலக்கெடு. பணம் கட்டி வாங்குகிற கணக்கில் ஒருவருக்குக் கொடுக்கும் உரிமைக்கு முடிவுத் தேதி வைக்கலாம். வரித் தணிக்கைக்கு செப்டம்பர் 30, ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 என்று எங்கள் வேலைக்கே தேதி உண்டு, அதையொட்டி நவம்பரில் தானாக மூடிக்கொள்கிற மாதிரி வைத்துவிடுகிறேன். நான் பெயரை வெட்டினால் கோபம், மெஷின் வெட்டினால் கோபம் இல்லை. அப்படியும் கேட்கிறவர்களிடம் “சட்டமுங்க, 250 கோடி அபராதமுங்க” என்று 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துவிடுவேன். அதில் கொஞ்சம் கள்ளம் உண்டு, 250 கோடி என்பது உச்சவரம்பு, விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசமும் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகையைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.

டோக்கன் டப்பா பாதி காலியாகியிருக்கிறது. பின் நம்பர் ஸ்டிக்கர்கள் எல்லாம் போயாச்சு, பசங்க மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். திரையை போனில் படம் எடுத்து அனுப்புவதற்கு என்னிடம் மருந்து இல்லை, டவுன்லோடு, பிரின்ட் எல்லாம் அடைத்த ஃபைலே போட்டோவாக, சாய்ந்த கோணத்தில், பின்னால் டீ கிளாஸோடு எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று தீராமல் இருக்கிறது. ஒரு நூற்பு மில்லில் ஓய்வுபெற்ற பழைய கணக்காளர் ஒருவர், மில் ஃபோல்டரில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. விதிப்படி எடுக்கவேண்டும், வேலையில் இல்லாதவருக்கு மில்லின் கணக்கில் என்ன வேலை? ஆனால் அவர் விடிகாலையில் எழுந்து ஷீட்டைத் திறந்து, பஞ்சு இருப்பு மதிப்பில் நாங்கள் எல்லோரும் தவறவிட்டதைக் குறித்து வைத்துவிட்டுப் போகிறார். மில் முதலாளியிடம் எழுத்தில் கேட்டேன், “அவரு இருக்கட்டும்” என்று பதிலும் எழுத்திலேயே வந்தது. சம்பளம், ஆதார் இருக்கிற ஃபோல்டர்களை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, இருப்புக் கணக்கில் கருத்து சொல்லும் உரிமையை முடிவுத் தேதியோடு வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் தேதி முடிகிறது, மில்லிலிருந்து போன் வருகிறது, புதுப்பிக்கிறேன்.