கோவையா, காலிகட்டா? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் கொழிஞ்சாம்பாறை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊர். இங்கே பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகள். இந்தப் பக்கம் சித்தூர், பாலக்காடு எல்லாம் காலிகட் பல்கலைக்கழகம். மகளுக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வேண்டும். இரண்டிலும் போட்டு வைப்போம் என்று 2025 மே மாதம் இறங்கினோம். எது உசத்தி என்று வீட்டில் நடந்த சண்டையெல்லாம் வீண். நம் பிள்ளையை எந்த மாநிலம் தன் பிள்ளையாகக் கணக்கில் எடுக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேதியிலேயே இடி. தமிழ்நாட்டில் ரிசல்ட் மே 8. அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பமும் அதை ஒட்டியே திறந்துவிட்டது. கேரளாவில் ரிசல்ட் மே 22. தமிழ்நாட்டில் கடைசித் தேதி கழுத்தை நெரிக்கும்போதுதான் எங்கள் கையில் மார்க்கே வருகிறது.

தமிழ்நாட்டில் விண்ணப்பித்தோம். சரிபார்க்கக் கூப்பிட்ட கல்லூரியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் மார்க் ஷீட்டில் விரலை வைத்து, “இதுல 178ன்னு இருக்கு, அப்ளிகேஷன்ல 89ன்னு இருக்கு. எதுமா உங்க மார்க்?” என்றார். கேரளாவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் சேர்த்து ஒரு பாடத்துக்கு 200, மொத்தம் 1200. தமிழ்நாட்டில் பாடத்துக்கு 100, மொத்தம் 600. அதனால் பாதியாக்கிப் போட்டிருந்தோம். இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அப்புறம் சாதிச் சான்றிதழ். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “கேரளா சர்டிபிகேட்டா? அப்ப ஓசிதான்மா.” அதாவது ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவு. பரம்பரையாகத் தமிழ் பேசுகிற குடும்பம், மகள் படித்தது தமிழ் மீடியம், ஒன்றும் எடுபடவில்லை. தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டுக்காரர்களுக்குத்தான். சட்டம் அப்படி, சரி. அதை விண்ணப்பம் போடும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். பொள்ளாச்சியில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதற்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்திலோ படித்திருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் படித்த தமிழ் மீடியம் பிள்ளைக்குக் கிடையாது.

கேரளா மட்டும் லேசா என்றால் இல்லை. தமிழ்நாட்டு பி.சி. ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் என்ற பேச்சே இல்லை. இங்கே ஓபிசி என்றால் நான் கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில் நாம் இல்லை என்ற சான்றிதழ், வேண்டும். அதில் மாநிலத் தேவைக்கு ஒன்று, மத்திய அரசுத் தேவைக்கு ஒன்று. கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பையன் மத்திய அரசுக்கானதைத் தட்டிவிட்டான். அது தாலுகா ஆபீஸ் வரை போய், அழகாகக் கையெழுத்தாகி வந்தது, நமக்கு உதவாமல். திரும்பவும் வில்லேஜ் ஆபீஸ், திரும்பவும் காத்திருப்பு. சப்மிட் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியை நீங்களே திரையில் படித்துவிடுங்கள்.

மற்றபடி காலிகட்டில் ஒரே விண்ணப்பம், பல கல்லூரி. வேலை சுளுவாக முடிந்தது. டிரையல் அலாட்மென்ட், அதாவது ஒத்திகை சீட் ஒதுக்கீடு, வந்ததும் நாம் கொடுத்த கல்லூரி ஆப்ஷன் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் சித்தூர் அரசுக் கல்லூரியை மேலே ஏற்றினோம். அங்கே தமிழ்த்துறையே இருக்கிறது, தமிழ் விட்டுப்போகாது என்ற கணக்கு.

‘அங்கே மூன்று வருஷம், இங்கே நாலா?’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். 2024 முதல் கேரளாவில் நாலு வருடப் படிப்பு வந்தது உண்மை. ஆனால் மூன்றாம் வருடம் முடித்து டிகிரியோடு வெளியே வரலாம். நாலாவது வருடம் ஆனர்ஸ் வேண்டுகிறவர்களுக்கு.

மகளுக்குச் சித்தூரே கிடைத்தது. அது எங்கள் முதல் ஆப்ஷன். ஆனால் உங்களுக்கு இரண்டாவதோ மூன்றாவதோ கிடைத்து, அதுவே போதும் என்று தோன்றினால், மேலே உள்ள ஆப்ஷன்களை உடனே ரத்து செய்துவிடுங்கள். விட்டால் அடுத்த அலாட்மென்ட்டில் மேல் ஆப்ஷனுக்குத் தூக்கிவிடுவார்கள், கையில் இருந்த சீட் போய்விடும். சீட் கிடைத்ததும் கட்ட வேண்டிய கட்டாயக் கட்டணத்தைத் தேதிக்குள் கட்டாவிட்டாலும் அதே கதி. முக்கியமாக, அலாட்மென்ட் முடிகிற வரை ஒரிஜினல் டிசியை எல்லைக்கு அந்தப் பக்கம் எந்தக் கல்லூரியிலும் கொடுத்துவிடாதீர்கள்.