ஆற்றில் விடுவதற்கு முன்

மார்ச் 3
பண்ணையின் நான்காம் தொட்டியில் சில மீன் குஞ்சுகள் ஒருக்களித்துச் சாய்ந்து, தொட்டியின் அடியில் உடலைத் தேய்க்கின்றன. தீவனம் எடுக்கின்றன. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம், அதில் குறையில்லை.

மார்ச் 4
ஒரு குஞ்சின் செவுளிழை நுனியை நறுக்கி, ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். உருண்டையான உயிரி ஒன்று, உடலெங்கும் நுண்மயிர்கள் அசைய, மெல்ல உருண்டுகொண்டிருந்தது. உள்ளே குதிரை லாடம் போல் வளைந்த உட்கரு. இந்த ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்தான். தோலில் ஒரு புள்ளிகூட இல்லை, எல்லாம் செவுளில். வடிகால் மடையை உடனே அடைத்து, நீரை மீனில்லாத குட்டைக்குத் திருப்பினேன். நேற்று முழுவதும் அந்த மடை ஆற்றுக்குத் திறந்தே இருந்தது.

மார்ச் 5
தோலுக்கடியில் புகுந்துவிட்ட ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. அது முற்றி உதிர்ந்து, அடியில் ஒட்டிப் பிளந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளாக மீன் தேடி நீந்தும்போதுதான் அழிக்க முடியும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால், ஒருமுறை மருந்திட்டுவிட்டு ஓய முடியாது. லிட்டருக்கு 3 கிராம் உப்பு இட்டிருக்கிறோம். அடி வண்டலை நாள்தோறும் உறிஞ்சி எடுக்கிறோம். இந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி.

மார்ச் 6
உறக்கம் வரவில்லை. அந்த மடை.

மார்ச் 8
மடைக்குக் கீழே ஆற்றில் வலை வீசினோம். இருபதில் ஒரு மீனுக்கு நோய் இருந்தால், அதை 95 விழுக்காடு உறுதியோடு கண்டறிய ஏறத்தாழ 60 மீன்களைச் சோதிக்க வேண்டும். கிடைத்தவை 23. அத்தனையும் சுத்தம் என்றாலும் மனம் ஆறவில்லை. தொட்டியில் செத்த மீன் மிதக்கும், எண்ணிவிடலாம். ஆற்றில் செத்ததைக் கொக்கு கொத்திப் போய்விடும், யார் கணக்கிலும் வராது. நமக்கு நீர் வருவதும் இதே ஆற்றிலிருந்துதான். நோயை நாம் ஆற்றுக்குக் கொடுத்தோமா, அது நமக்குக் கொடுத்ததா என்று இந்த 23 மீன்களைக் கொண்டு சொல்ல முடியாது.

மார்ச் 11
சாவு நேற்று முன்தினம் 41, நேற்று 17, இன்று 6. குஞ்சுகளை ஆற்றில் விடும் நாளை மாற்ற வேண்டாம் என்கிறார்கள். செவுள்கள் தெளிவடையும்வரை ஒரு குஞ்சைக்கூட விடச் சம்மதிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 12
இன்று சாவு 2. ஆற்றில் இன்னும் 37 மீன்கள் பார்க்க வேண்டும். விடியலில் வலையோடு போகிறேன்.