கொலு போட்டோவைத் தேடிய கதை

நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா ஆரம்பித்தாள். "டேய், மரப்பாச்சி ஜோடிக்குப் பட்டு கட்டினோமே, அந்த வருஷப் போட்டோவை எடு. படி எப்படி அடுக்கினோம்னு பார்க்கணும்."

எங்கள் வீட்டு சர்வர், அதாவது எல்லோர் கோப்புகளையும் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் இருக்கிறது. பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், டெபியன் லினக்ஸ், 4 டிபி ஹார்டு டிஸ்க். அப்பா ஸ்கேன் செய்த பத்திரங்கள், தங்கையின் காலேஜ் நோட்ஸ், பதினைந்து வருடப் போட்டோக்கள் என்று மூன்று லட்சம் கோப்புகளுக்கு மேல் அதில் கிடக்கின்றன. விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக அந்த டிஸ்க்குக்குள் எதையாவது தேடினால் மேலே பச்சைக் கோடு ஊரும். டிகாக்‌ஷன் இறங்கிவிடும், கோடு முடியாது.

நெட்வொர்க்தான் மந்தம் என்று நினைத்து ஜிகாபிட் சுவிட்சும் கேட்6 கேபிளும் வாங்கிப் போட்டேன். தண்டச் செலவு. காப்பி செய்வது வேகமானது, தேடல் அப்படியேதான் இருந்தது. தேடும்போது கம்பியில் பெரிதாக எதுவும் ஓடுவதில்லை. 'இந்த ஃபோல்டரில் என்ன இருக்கு?' என்று லேப்டாப் கேட்கும், சர்வர் சொல்லும், உடனே அடுத்த ஃபோல்டர். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கைப் படிக்கும் முனையான ஹெட் வேறு இடத்துக்கு நகர வேண்டும். ஒரு நகர்வுக்குச் சுமார் 10 மில்லிசெகண்ட். ஆயிரக்கணக்கான ஃபோல்டர்களுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சர்வருக்குள்ளேயே நுழைந்து, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை ஓட்டினேன். முதல் தடவை மெதுவாக, இரண்டாம் தடவை சட்டென்று வந்தது. ஆகா என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை மறுபடி ஆமை. ரேமில் தங்கியிருந்த ஃபோல்டர் விவரங்களை ராத்திரி பேக்கப் ஓடித் துடைத்துவிட்டது.

அப்புறம்தான் பிலோகேட் என்ற தேடல் நிரல். ஸ்டெய்னார் குண்டர்சன் 2020-இல் வெளியிட்டது. எல்லாப் பெயர்களையும் முன்கூட்டியே மூன்று மூன்று பைட்டாக நறுக்கி அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளும். தேடும்போது அட்டவணையைப் பார்த்தால் போதும், டிஸ்க்கை மேய வேண்டியதில்லை. நிறுவி, அட்டவணை போடும் அப்டேட்டிபி கட்டளையை ஓட்டி, தேடினால்... ஒன்றுமே இல்லை! அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தேன். நான் டிஸ்க்கை 'மீடியா' ஃபோல்டருக்குக் கீழே மவுண்ட் செய்து (இணைத்து) வைத்திருந்தேன். அப்டேட்டிபியின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் 'இங்கெல்லாம் போகாதே' என்றொரு பட்டியல் உண்டு. டெபியனில் அந்த மீடியா முதலிலிருந்தே அதில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இப்போது என்டர் தட்டி விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது.

அம்மா டெர்மினலில் கட்டளை தட்டுவாளா? பைத்தானில் முப்பது வரியில் ஒரு தேடல் பக்கம் எழுதி அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். 'பத்திரம்' வந்தது. 'தீபாவளி' வந்தது. 'கொலு' மட்டும் வரவில்லை. கண்ணெதிரே ஃபோல்டர் இருக்கிறது, பெயரும் அதேதான்!

கடைசியில் பெயரை பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். போனில் தட்டிய 'கொ' ஆறு பைட்டு. ஃபோல்டர் பெயரில் இருந்த 'கொ' ஒன்பது. கம்ப்யூட்டர்கள் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடும் நிரலுக்கு வேறு வேறு. அந்தப் படங்கள் தங்கையின் பழைய மேக்கிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க் வழியாக வந்தவை. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். கொலு, கோவில், கொடைக்கானல் எல்லாமே இப்படி மாட்டியிருந்தன. 'தீபாவளி'யில் அப்படிப் பிரிய எதுவும் இல்லை, அதனால் தப்பித்தது.

கன்வ்எம்வி என்ற சின்ன நிரல் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. நாமாகச் சொல்லாதவரை நிஜமாக மாற்றாது, மாற்றப்போவதைக் காட்ட மட்டும் செய்யும். நல்ல பழக்கம். இரண்டு இடத்தில் முரண்டு பிடித்தது. பார்த்தால், ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'கொலு 2016'. இத்தனை நாள் நானும் கவனிக்கவில்லை. அவற்றைக் கையாலேயே சேர்த்தேன்.

போட்டோ கிடைத்தது. ஒன்பது படி, மேல் படியில் பட்டு கட்டிய மரப்பாச்சி ஜோடி.

நேற்று அம்மா மறுபடி தேடியிருக்கிறாள். லாகில் பார்த்தேன். இந்தத் தடவை ஆங்கில எழுத்தில் கொலு, அதுவும் 'கே' போட்டு. தங்கை அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஃபோல்டரில் 'ஜி'.