அம்மாவுக்கு எத்தனை விழுக்காடு?

"நீங்க செத்துட்டா காசு யாருக்குப் போகணும்?" என்று கோலாலம்பூர் அலுவலகத்தின் சம்பளப் பிரிவு அக்கா, ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் கறியில் தோய்த்தபடியே கேட்டார். கும்பகோணத்தில் விடிந்ததும் விடியாததுமாக ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால், அடுப்படியிலிருந்தே "நல்ல வார்த்தை வராதா வாயில?" என்று குரல் வந்திருக்கும். இங்கே அது ஒரு படிவத்தின் கேள்வி, அவ்வளவுதான்.

2025 அக்டோபர் சம்பளம் முதல், வீட்டுப் பணியாளர்கள் நீங்கலாக, எங்களைப் போன்ற வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. நம் பங்கு 2 விழுக்காடு, முதலாளியின் பங்கு 2 விழுக்காடு. தொகை சிறியதுதான். ஆனால் அதற்கும் நாமினி எழுத வேண்டும், ஒருவருக்கு மேல் எழுதினால் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே விழுக்காட்டைக் குறித்து மொத்தம் 100 வரச் செய்ய வேண்டும். ஊரில் அஞ்சலகப் புத்தகத்தில் ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டு அதையும் மறந்துபோகிற வழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, அம்மாவையும் மனைவியையும் எண்களாகப் பிரிக்கச் சொன்ன அந்தக் கட்டம்தான் மற்ற எல்லாவற்றையும்விட உறுத்தியது.

அக்கா விவரமானவர். முஸ்லிம் அல்லாதவரின் சேமநிதியில் நாமினியே உரியவர் என்றும், பினாங்கிலிருந்து வந்த நம் தமிழ் முஸ்லிம் நண்பர் எழுதும் நாமினியோ பணத்தைப் பெற்று ஃபராயிட் எனும் இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பங்கிட்டுத் தரும் பொறுப்பாளர் மட்டுமே என்றும் விளக்கினார். உயில் எழுதாமல் இறக்கும் இந்நாட்டு இந்துவுக்கு மனைவி, மக்கள், பெற்றோர் எல்லாரும் இருந்தால், 1958ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்குக் கால், மக்களுக்கு அரை, பெற்றோருக்குக் கால் என்று பிரிக்கிறதாம். நம் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் முதலில் பங்கு பெறும் முதல் வகுப்பு வாரிசுகளிலேயே அம்மாவுக்கு இடமுண்டு, அப்பாவுக்கு இல்லை என்று நான் சொன்னதும், "ஐயோ பாவம்" என்று அவர் அப்பாக்களுக்காக வருந்தினார்.

இந்த ஊர்ப் பேச்சும் கணக்கும் எனக்குப் பழகிவிட்டன என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பேனாவைத் திறந்ததும் நினைவு அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த கணக்குப் புத்தகத்துக்குத்தான் போனது. திருமணத்துக்கு முன்பே தொடங்கிய கணக்கு அது. நாமினி என்ற இடத்தில், அப்பாவுக்கு முன்பே காலமாகிவிட்ட அப்பாயியின் பெயர், நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை; தோன்றியிருந்தாலும் யார் வாய் திறந்து கேட்பது? வாரிசுச் சான்றிதழுக்காக அம்மா கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் காத்திருந்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "முன்னாடி போகப்போறவ பேரை எதுக்குத் தம்பி எழுதுற? பேத்தி பேரை எழுது" என்றார். சற்றுப் பொறுத்து, "எவ்வளவு எழுதியிருக்க?" என்றும் கேட்டார். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். 40 என்றேன், 50 ஆக்கச் சொன்னவள் மனைவிதான்.

சேமநிதி முடிந்தது, வங்கிக் கணக்கு முடியவில்லை. இந்தியாவில் 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். இங்கே சாதாரண வங்கிக் கணக்குகளில் அப்படியொரு ஏற்பாட்டைக் காணோம். உரியவர் இறந்தால் கணக்கு முடங்கும், பிறகு நீதிமன்ற ஆணையோ இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க உரிமை தரும் நிர்வாகப் பத்திரமோ கொண்டுவர வேண்டும். ஆகவே உயில் எழுதுவதென்று முடிவு செய்து, அதற்கு வேண்டிய இரண்டு சாட்சிகளில் ஒருவராக இருக்கும்படி பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பரைக் கேட்டேன். "தாராளமா வர்றேன், ஆனா எனக்குன்னு எதுவும் எழுதிடாதீங்க, சாட்சிக்கு எழுதினது செல்லாது" என்றார். வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தந்தால் போதுமாம்.