வெள்ளைத் தட்டும் மண்ணிறப் பட்டையும்

கிளிநொச்சியில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் ஸ்ரோர் பொறுப்பாக இருந்த காலம். கார்த்திகை மாதம், மழை விட்டபாடில்லை. கதவுகளுக்கு லக்கர் அடிக்கும் பொடியன் நனைந்தபடி ஓடிவந்தான். "அண்ணை, மாஸ்க் ஒண்டு தாங்கோ." இரண்டு பக்கமும் வெள்ளைத் தட்டுப் பூட்டிய றப்பர் மாஸ்க் கைக்கெட்டிய இடத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். பில்ரர் புத்தம் புதிது, விலையும் கூடியது. நல்லதைத்தான் கொடுக்கிறேன் என்று நம்பினேன்.

சாரல் அடிக்கும் என்று கொட்டிலின் யன்னல்களைச் சாத்திவிட்டு வேலை செய்திருக்கிறான். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும், இன்னொருவன் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. வாசலிலேயே சத்தி எடுத்தான். அவனை ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மாஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தட்டின் மேல் லக்கர் துளிகள் மெல்லிய படலமாய்ப் படிந்து பளபளத்தன. துளியை அது ஒழுங்காகப் பிடித்திருக்கிறது. லக்கரில் கலக்கும் தின்னரின் ஆவியைப் பிடிக்க அதற்குள் ஒன்றுமே இல்லை. அது தூசிப் பில்ரர்.

அடுத்த நாள் பொடியன் தெளிந்து வீடு போய்விட்டான். எனக்குத்தான் கன நாள் நித்திரை இல்லை. ஸ்ரோரில் இருக்கிறவன் பொருளைத் தூக்கிக் கொடுக்கிறவன் மட்டுமில்லை, என்ன வேலை என்று முதலில் கேட்க வேண்டியவனும் அவன்தான். நான் கேட்கவில்லை. அதன்பிறகு ஒரு கொப்பி போட்டேன். என்ன வேலை, எந்த இடம், என்ன பில்ரர், உறை உடைத்த திகதி. இந்த நாலும் எழுதாமல் ஒரு மாஸ்க்கும் வெளியே போகவில்லை.

தூசியை நார் பிடிக்கும். ஆவியையும் வாயுவையும் கரிதான் பிடிக்கும். அந்தக் கரியில் கனக்க நம் ஊர்த் தேங்காய்ச் சிரட்டையில் செய்வது. சுட்டு உயிர்ப்பூட்டிய சிரட்டைக் கரி ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளை விரித்துப் பார்த்தால் சுமார் 1000 சதுர மீற்றர் பரப்பு வரும், கால் ஏக்கர். முதலாம் உலகப் போரிலேயே நச்சுவாயு மாஸ்க்குகளுக்குச் சிரட்டைக் கரி போட்டிருக்கிறார்கள். நாங்கள் அடுப்புக்குள் தள்ளுகிற சிரட்டை.

ஆனால் எல்லாக் கரியும் எல்லா வாயுவையும் பிடிக்காது. அதற்காகத்தான் நிறப் பட்டை. ஐரோப்பிய முறையில் மண்ணிறம் என்றால் தின்னர், பெயின்ற் போன்றவற்றின் ஆவி. சாம்பல் என்றால் குளோரின் வகை வாயுக்கள். மஞ்சள் என்றால் கந்தகவீரொட்சைட்டு. வெள்ளை என்றால் தூசி. இதைப் பாடமாக்கிக்கொண்டு இருந்தபோது கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் மஞ்சள் பட்டை பில்ரர்கள். தாளை விரித்துப் பார்த்தால் "தின்னர் ஆவிக்கும் அமில வாயுவுக்கும்" என்ற கருத்தில் போட்டிருக்கிறது. ஒரு பின்னேரம் முழுக்க மண்டையைக் குழப்பிய பிறகுதான் விளங்கியது, அது அமெரிக்க முறைச் சாமான். அங்கே ஆவிக்குக் கறுப்பு, ஆவியும் அமிலமும் சேர்ந்தால் மஞ்சள், அமில வாயுவுக்கு மட்டும் வெள்ளை. இரண்டு முறையிலும் ஒன்றாய் இருப்பது அமோனியாவின் பச்சை. நம் நாட்டுக் கடைகளில் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன. நிறத்தை மட்டும் நம்பிக் கொடுத்தால் அந்தப் பொடியனுக்கு நடந்தது திரும்பவும் நடக்கும். நிறத்தைப் பார்த்துவிட்டு எழுத்தையும் வாசிக்க வேண்டும். ஈஎன் 14387 என்று இருந்தால் அது ஐரோப்பிய வாயுப் பில்ரர். நியோஷ் என்று இருந்தால் அமெரிக்கம்.

தூசியிலும் தரம் உண்டு. ஐரோப்பியக் கணக்கில் முதலாம் தரம் 80 வீதம், இரண்டாம் தரம் 94 வீதம், மூன்றாம் தரம் 99.95 வீதம் பிடிக்க வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளை எத்தனை பேர் முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு கிரைண்டரால் வெட்டினார்கள் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது. அந்த நார் கண்ணுக்குத் தெரியாது, நோய் இருபது முப்பது வருடம் கழித்து வரும். அதற்கு நான் மூன்றாம் தரம் தவிர வேறு கொடுத்ததில்லை. வெட்டுமுன் சீற்றைத் தண்ணீரால் நனைக்கவும் சொல்வேன்.

தூசிப் பில்ரர் அடைபட்டால் மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருக்கும், அதுவாகவே சொல்லிவிடும். கரி அப்படியில்லை. நிரம்பினாலும் மூச்சு லேசாகத்தான் போகும். ஒருநாள் பெயின்ற் கொட்டிலுக்குப் போனேன். மாஸ்க், தின்னர் பரலுக்கு மேலே ஆணியில் தொங்கியது. இரவு முழுக்க ஆள் போடாமலே கரி ஆவியைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றே அந்தப் பில்ரர்களை எறிந்துவிட்டேன். முதலாளி விலையைச் சொல்லி ஏசினார். ஏசட்டும். அதன்பின் பாவித்து முடிந்ததும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, மூடியுள்ள ரின்னுக்குள் வைப்பித்தேன். மாரிக் காலத்து ஈரமும் கரியின் பலத்தைக் குறைக்கும். கொம்பிரசரால் ஊதித் துப்புரவாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஊதினால் நார் கிழியும், கரி புதிதாகாது.

ஒரு மேசன் ஐயா தகப்பனை இழந்து, அந்தியேட்டி முடியும் வரை சவரம் செய்யாமல் இருந்தார். மாஸ்க்கைப் போட்டு, இரண்டு பில்ரரையும் உள்ளங்கையால் பொத்தி, மெல்ல மூச்சை இழுக்கச் சொன்னேன். றப்பர் முகத்தோடு ஒட்டி உள்வாங்கி நிற்க வேண்டும். நிற்கவில்லை. தாடி ரோமத்துக்குள்ளால் காற்று வந்தது. "குறை நினைக்காதேங்கோ ஐயா, 31 முடியட்டும்" என்று சொல்லி, அதுவரை கம்பி கட்டும் பக்கம் அனுப்பச் சொன்னேன். தாடியை எடுங்கோ என்று அந்த மனிசனிடம் என்னால் கேட்டிருக்க முடியாது.

கடைசியாக ஒன்று. சித்திரை வெயிலில் எங்கள் லொறிச் சாரதி வந்தார். "தம்பி, கிணறு இறைச்சுச் சேறு எடுக்கப் போறன். அந்த மண்ணிறப் பட்டை மாஸ்க்கைத் தா."

"மிசின் எங்கை அண்ணை?"

"தண்ணி ஆழத்துக்குப் போட்டுது. உள்ளுக்கை படியிலை வைச்சு இறைக்கிறம். விளக்கு விட்டுப் பாத்தனான், அணையேல்லை."

எனக்குக் கை குளிர்ந்தது. எஞ்சின் புகையின் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, எங்கள் கரி அதைப் பிடிக்காது. ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஒட்சிசன் குறைந்த இடத்திலும் பில்ரர் உதவாது, அது இருக்கிற காற்றை வடிக்குமே தவிரக் காற்றைத் தராது. "தரமாட்டன் அண்ணை, ஒருத்தரும் இறங்கவும் வேண்டாம்" என்றேன். கோபத்தோடு போனார். மனம் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவரின் மருமகன் ஏற்கனவே கயிற்றைப் பிடித்தபடி கிணற்றுக் கட்டின் மேல் கால் வைத்திருந்தான். கத்தி நிற்பாட்டினேன். அன்று ஒருவரும் இறங்கவில்லை. பிறகு பக்கத்து வளவில் கரண்டில் ஓடும் பம் ஒன்று இரவல் வாங்கிக் கயிற்றில் இறக்கினார்கள்.

திரும்பி வந்து கொப்பியில் எழுதினேன். வேலை: கிணறு. பில்ரர்: கொடுக்கவில்லை.