நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் வேண்டுமா?

முதலீடு என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். தங்கத்துக்கு அன்றைய விலை பேப்பரிலேயே வரும், வைரத்துக்கு அப்படி ஒரு பொது விலை கிடையாது, எடை, நிறம், தெளிவு, வெட்டு என்று ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக மதிப்பிடுவதால், விற்கப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. பெரும்பாலும் வாங்கியதைவிட ரொம்பக் குறைவாகத்தான் சொல்வார்.

நிச்சயம் என்றாலே வைரம் என்ற ஆசையை வளர்த்ததில் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு. 'வைரம் என்றென்றைக்கும்' என்ற விளம்பர வாசகத்தை 1947-இல் அவர்களுக்கு எழுதிக்கொடுத்த பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை!

சரி, கல் பிடித்திருக்கிறது, போட ஆசை என்றால் ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பாருங்கள். அதே கார்பன்தான், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையோ மிகவும் குறைவு. நாங்கள் தங்க மோதிரத்தோடு முடித்துக்கொண்டோம்.