மழைக்காலத்து மேசை

குன்னூரில் ஒரு மாடியில் இரண்டே மேசைகள் போட்ட ஸ்னூக்கர் கடை. துணி போர்த்திய மேசையில் நீளக் கோலால் பந்தை அடித்துக் குழியில் போடும் ஆட்டம். அதில் ஆறு வருஷம் மார்க்கராக இருந்தேன். மார்க்கர் என்றால் ஸ்கோர் சொல்பவன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பந்து அடுக்க வேண்டும், குழியில் விழுந்த கலர்ப் பந்தை எடுத்து அதன் புள்ளியில் வைக்க வேண்டும், தனியாக வந்தவருக்கு எதிரே நின்று ஆடவும் வேண்டும். இருந்தாலும் என் காலை நேரமெல்லாம் போனது துணிக்குத்தான்.

மேசை 12 அடிக்கு 6 அடி. அடியில் ஐந்து கற்பலகைகள், மேலே பச்சைக் கம்பளித் துணி. கம்பளி ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி பிறந்தால் குன்னூரில் மழையும் மூட்டமும் நாள்கணக்கில் விடாது. அப்போது பந்து ஓடாது. கோயம்புத்தூரில் ஆடிப் பழகியவர்கள் அடித்தால் வெள்ளைப் பந்து பாதி வழியிலேயே நின்றுவிடும். மஞ்சள், பச்சை, பழுப்புப் பந்துகள் இருக்கும் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் பக்கம் வரை, துணியின் மயிர் படிந்த போக்கிலேயே பிரஷ் போட வேண்டும். பிறகு அதே போக்கில் இஸ்திரி. பெட்டியை முதலில் ஒரு காகிதத்தில் வைத்துப் பார்ப்பேன். காகிதம் லேசாகப் பழுத்தாலும் ஆறவிட்டுத்தான் துணியில் வைப்பேன். அப்படியும் போதாத நாட்களில் முதலாளி அண்ணன் மேசைக்கு அடியில் இரண்டு குண்டு பல்புகளை இரவெல்லாம் எரியவிடுவார். கரண்ட் பில்லைப் பார்த்து அண்ணி திட்டுவார்.

ஏப்ரல், மே சீசனில் ஊரே சம்பாதிக்கும். எங்கள் கடையில் ஈ ஆடும். எங்களிடம் ஆட வருகிறவர்கள் டாக்சி டிரைவர்கள், லாட்ஜ் பையன்கள், தேயிலை ஃபேக்டரி ஆட்கள். சீசனில் டிரைவருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. மழை வந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் வண்டிகள் நிற்கும், அன்று பெஞ்சில் இடம் கிடைக்காது. ஆக, எங்களுக்குக் கூட்டம் சேர்ந்ததெல்லாம் யார் பையிலும் பணம் இல்லாத மாதங்களில், துணி மிக மோசமாக இருந்த நாட்களில். தோற்றவர் மேசைக் காசு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். தோற்றவரிடம் காசு இல்லையென்றால் அண்ணன் நோட்டில் எழுதிக்கொள்வார். மே மாதம் கணக்கு தீரும். இந்த நோட்டு இல்லாவிட்டால் கடை ஒரு வருஷம்கூட ஓடியிருக்காது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

பந்தயம் கட்டக் கூடாது, சிகரெட் கூடாது, யூனிஃபார்மோடு யாரும் படியேறக் கூடாது. இந்த மூன்றிலும் அண்ணன் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. ஸ்னூக்கர் கடை என்றாலே பிள்ளை கெட்டுப்போகும் இடம் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. மழை இரவில் ஒரு ஆண் குடிக்காமல் நாலு பேரோடு உட்கார அந்தத் தெருவில் வேறு எந்த இடம் இருந்தது?

1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி தொடங்கி வைத்த ஆட்டம் இது. அதன் விதிகளை 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டினார்கள் என்பார்கள். எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். உறுப்பினர்களுக்கான இடம், நாங்கள் யாரும் உள்ளே போனதில்லை. ஆனால் 15 சிவப்புப் பந்துகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்குப் பின்னும் கறுப்பையே போட்டு, கடைசியில் ஆறு கலரையும் முடித்தால் 147 பாயின்ட் வரும் என்று எஸ்டேட் தொழிலாளி மகன் ஒருவன் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது பெஞ்சே அமைதியாகிவிட்டது.

அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் தினமும் வருவார். ஒரு நாளும் க்யூ கோலைத் தொட்டதில்லை. பல்பு எரிகிற மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்களை நீட்டிக்கொள்வார். நான் ஸ்கோரைத் தவறாகச் சொன்னால், "ஏழு போட்டுட்டு ஆறுங்கிற, தம்பி" என்பார். அவரிடம் காசு வாங்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஆடாதவரிடம் எதை வாங்குவது?

வாடகை இரண்டு மடங்கானபோது கடையை மூடினோம். மேசை ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். பிரித்துத்தான் இறக்க முடியும். அந்தக் குறுகலான படியில் கற்பலகை ஒவ்வொன்றுக்கும் டிரைவர்கள்தான் கை கொடுத்தார்கள். பெரியவர் கீழே குடை பிடித்து நின்றிருந்தார். எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார். கோயம்புத்தூருக்கு என்றேன்.

"அங்க துணி காஞ்சே கெடக்கும், தம்பி" என்றார்.